ஃபேனை நிறுத்துங்க, பேட்டி நடக்குது!

இன்றைக்கு ஒரு தமிழ் வீடியோ பாட்காஸ்ட்டைப் பார்த்துவிட்டு, அது எந்த ஊரில் எடுத்தது என்று சொல்ல முடியுமா? திருநெல்வேலியாக இருக்கலாம், தாம்பரமாக இருக்கலாம், டொரன்டோவாகக்கூட இருக்கலாம். கறுப்புச் சுவர். அதன் ஒரு பக்கத்தில் செங்கல் மாதிரி அச்சடித்த ஸ்டிக்கர். ஊதா கலரில் எரியும் ஏதோ ஓர் எழுத்து. மூலையில், தண்ணீரே கேட்காத ஒரு செடி. பல் டாக்டர் நாற்காலிக்கு மேல் நீண்டு வருமே ஒரு கை, அது மாதிரி கையில் தொங்கும் மைக். அதன் பின்னால் பாதி முகம் மறைந்த ஒரு விருந்தினர்.

ஒரு காலத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. 2004-ல் 'காபி வித் கரண்' ஆரம்பித்தபோது அந்த செட் எப்படி இருந்தது? சோபா, குஷன், காபி கோப்பை. பணக்கார வீட்டு வரவேற்பறை மாதிரி. டி.வி.க்காரர்கள் லட்சக்கணக்கில் செலவு செய்து ஸ்டுடியோவை வீடு மாதிரி ஆக்கினார்கள். விருந்தாளி 'வீட்டில் இருக்கிறோம்' என்று நினைத்து வாயை விடுவார் என்பது கணக்கு. நாம் இப்போது சொந்தக் காசைப் போட்டு, இருக்கிற வீட்டை ஸ்டுடியோ மாதிரி ஆக்கிக்கொண்டிருக்கிறோம். பி.காம் படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், இது எந்தப் பேரேட்டிலும் வரவாக ஏறாத செலவு.

இது அழகு பற்றிய புகார் இல்லை. ஒரு மனிதரை எங்கே உட்கார வைக்கிறோமோ, அந்த இடம்தான் அவர் என்ன பேசப் போகிறார் என்பதைப் பாதிக்கு மேல் முடிவு செய்கிறது. நிருபராக அலைந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். பேட்டியின் நல்ல வரி, பேட்டி முடிந்த பிறகு, செருப்பு மாட்டும்போது வாசலில் வரும். ஏன் அங்கே வருகிறது? நோட்டை மூடிவிட்டோம் என்பது ஒன்று. வாசல் அவருடைய இடம் என்பது இன்னொன்று.

அமெரிக்காவில் மார்க் மேரன் என்று ஒரு காமெடியன். 2009-ல் 'டபிள்யூ.டி.எஃப்' என்ற பாட்காஸ்ட்டை ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் லாஸ் ஏஞ்சலீஸில் தன் வீட்டு கார் ஷெட்டையே அதற்கான இடமாக்கிக்கொண்டார். புத்தகம், பழைய போஸ்டர், கிடார், தட்டுமுட்டுச் சாமான் என்று அடைந்து கிடந்த ஷெட். 2015 ஜூனில் அந்த ஷெட்டுக்குப் பேட்டி கொடுக்க வந்தவர், பதவியில் இருந்த ஜனாதிபதி ஒபாமா. பக்கத்து வீட்டுக் கூரையில் துப்பாக்கியோடு காவலர்கள். உள்ளே இரண்டு பேர், இரண்டு மைக். வெள்ளை மாளிகையில் இல்லாத அறையா? ஆனால் வெள்ளை மாளிகையில் உட்கார்ந்தால் ஜனாதிபதி பேசுவார். கார் ஷெட்டில் உட்கார்ந்தால் ஒரு மனிதர் பேசுவதற்குக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது. மேரன் 2025 அக்டோபரில் அந்த நிகழ்ச்சியை முடித்தபோது கடைசி விருந்தினரும் ஒபாமாதான். அந்த முறை மேரன் ஒபாமாவின் அலுவலகத்துக்குப் போனார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

(மேரனுடையது ஒலி மட்டும்தான். அதனால் அவருக்குச் சுவரைப் பற்றிக் கவலை இல்லை. வீடியோ வந்த பிறகுதான் சுவர் பேச ஆரம்பித்தது.)

அப்படியானால் கறுப்புச் சுவரே தப்பா? இல்லை. பி.பி.சி.யில் 1959-ல் ஜான் ஃப்ரீமன் 'ஃபேஸ் டு ஃபேஸ்' என்று ஒரு தொடர் நடத்தினார. இருட்டான ஸ்டுடியோ. கேமரா எதிராளியின் முகத்தை விட்டு நகராது. கேள்வி கேட்பவரின் முதுகோ தோளோ தெரிந்தால் அதிகம். அங்கே இருட்டு என்பது 'என்னைப் பார்க்காதே, அவரைப் பார்' என்று சொல்வதற்காக. நம்முடைய கறுப்புச் சுவரில் பேட்டி எடுப்பவர் பெயர்தான் ஊதாவில் எரிகிறது. அதுதான் வித்தியாசம்.

இன்னொரு பக்கம் 'சாய் வித் சித்ரா'வை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாவில் பழம் தின்று கொட்டை போட்டவர்களைப் பாகம் பாகமாகப் பேச வைக்கிறார் சித்ரா லட்சுமணன். பின்னால் என்ன சுவர் இருந்தது என்று யாராவது கேட்டால் சட்டென்று எனக்குச் சொல்லத் தெரியாது. தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர் என்று எல்லாமாகவும் இருந்தவர், அந்தத் தொழிலின் கணக்கு வழக்கு தெரிந்தவர் கேட்கிறார். எதிரில் இருப்பவருக்கு அது பழைய சிநேகிதரோடு டீ குடிப்பது மாதிரி. நல்ல கேள்விக்குச் சுவர் தேவையில்லை என்று வாதம் செய்யலாம். ஆனால் எல்லோருக்கும் அந்த ஐம்பது வருஷப் பழக்கம் கையில் இருக்காதே. புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு இடம்தான் முதல் துணை, அல்லது முதல் எதிரி.

இதையெல்லாம் நான் யோசிக்கக் காரணம் நாகரசம்பட்டி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளிப் பக்கம். 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்த மாவட்டம். மாங்காயும் கேழ்வரகும் கிரானைட்டும் ஒரு பக்கம்; ஓசூர் டைட்டன், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், போச்சம்பள்ளியில் 2021-ல் வந்த ஓலா தொழிற்சாலை என்று இன்னொரு பக்கம். ஒரே வீட்டில் அப்பா மாந்தோப்பில் இருப்பார், பையன் ஷிஃப்ட் பஸ்ஸில் இருப்பான். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும்.

அங்கே என் நண்பரின் மகன். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. இந்த வட்டாரத்து மனிதர்களைப் பேட்டி எடுத்துப் போட வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசை. ஏற்கெனவே கூடத்தில் கறுப்பு பெயிண்ட் அடித்து, ஊதா விளக்கு மாட்டி, ஒரு வெள்ளோட்டமும் பார்த்துவிட்டான். "மாமா, சவுண்டு மட்டும் கொஞ்சம் சரியில்ல. எந்த ரூம்ல வெச்சா நல்லாருக்கும்னு வந்து சொல்லுங்களேன்" என்றான். போனேன்.

வெள்ளோட்டத்தைப் போட்டுக் காட்டினான். விருந்தினர், ஓசூரில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். சோபா விளிம்பில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "எனது பணிக்காலத்தில் நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு..." என்று ஆண்டறிக்கை வாசித்தார். நாற்பது நிமிஷம். சவுண்டு சரியில்லை என்பது உண்மைதான். ஆனால் சவுண்டு சரியாக இருந்திருந்தாலும் அதில் கேட்க ஒன்றுமில்லை.

"இவர் இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. எல்லாம் ஆஃப் பண்ணிட்டு வெளிய வேப்ப மரத்தடியில டீ குடிச்சோம். அப்பதான் விரலைக் காட்டுனாரு. மெஷின்ல போன விரல். நைட் ஷிஃப்ட்ல, ஓசூர் குளிர்ல கை மரத்துப் போயி... அரை மணி நேரம் சொன்னாரு. நான் கேமராவை மூடி பையில வெச்சிட்டேன்."

அதுதான் பேட்டி. அது பதிவாகவில்லை. இனி திரும்பக் கேட்டால் அதே மாதிரி சொல்லவும் மாட்டார்.

சவுண்டு விஷயத்துக்கு முதலில் வருகிறேன். அது சுலபம். அந்தக் கூடத்தில் நின்று ஒரு தடவை கை தட்டினேன். டிங் என்று ஒரு வால் நீண்டது. ஏன் இருக்காது? தரை முழுக்கப் பளபளவென்று கிருஷ்ணகிரி கிரானைட். எதிரெதிர் சுவர்கள் மொழுமொழுவென்று பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தவை. பாலிஷ் போட்ட கல் தன் மேல் விழும் சத்தத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் விழுங்கும். பாக்கியைத் திருப்பி அனுப்பிவிடும். பேசியவரின் குரல் சுவருக்குப் போய், தரைக்குப் போய், மறுபடி மைக்குக்கு வருகிறது. கேட்பவருக்கு, குளியலறையில் இருந்து பேசுகிற மாதிரி.

1895-ல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்று ஓர் இளம் ஆசிரியர். ஃபாக் மியூசியத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேசினால் ஒன்றும் புரியவில்லை, சரி செய் என்று அவரிடம் கொடுத்தார்கள். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கி வந்து அரங்கில் பரப்பினார். ஒரு ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று கணக்கெடுத்தார். மெத்தை கூடக் கூட விநாடி குறைந்தது. விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். இன்றைக்கு உலகத்தில் உள்ள எல்லா அரங்குக்கும் போடும் சூத்திரம் அந்த மெத்தைகளில் பிறந்தது.

அந்தச் சூத்திரத்தில் நம் வீட்டு அறையைப் போட்டுப் பார்த்தேன். 12-க்கு 12 அடி, 10 அடி உயரம், காலி அறை, வழவழப்பான தரை, சிமெண்ட் சுவர். சத்தம் அடங்க 2, 3 விநாடி வருகிறது. அதே அறையில் ஒரு கட்டில், பஞ்சு மெத்தை, கனமான திரை, துணி நிறைந்த திறந்த அலமாரி இருந்தால் அரை விநாடி அளவுக்கு இறங்கிவிடும். அதாவது, வீட்டில் நாம் 'அலங்கோலமாக இருக்கு, கேமராவில் காட்டாதே' என்று சொல்லும் அறைதான் பேச நல்ல அறை. துடைத்து வைத்த கூடம் மோசமான அறை. புத்தக அலமாரி இருந்தால் இன்னும் விசேஷம். சின்னதும் பெரியதுமாக அடுக்கிய புத்தகங்கள் சத்தத்தைச் சிதறடிக்கும். நம் ஆட்கள் அலமாரியை போட்டோவாக எடுத்து ஃப்ளெக்ஸ் அடித்துப் பின்னால் மாட்டுகிறார்கள். ஃப்ளெக்ஸ் எதையும் சிதறடிக்காது.

முட்டை அட்டை ஒட்டுகிறவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. பையன் மூன்று டஜன் வாங்கி வைத்திருந்தான். முட்டை அட்டை முட்டைக்குத்தான் நல்லது. அது சத்தத்தை விழுங்குவது சொற்பம். வெளிச் சத்தத்தைத் தடுப்பது சுத்தமாக இல்லை. பஞ்சு ஸ்பாஞ்சு ஒட்டினாலும் அறைக்குள் எதிரொலி குறையுமே தவிர, தெருவில் போகும் லாரியின் சத்தம் ஒரு பொட்டுக்கூடக் குறையாது. வெளிச் சத்தத்தை நிறுத்துவது கனம். தடித்த சுவர், இடுக்கில்லாத கதவு. பழைய மண்சுவர் வீட்டுக்குள் போனால் ஊர் சட்டென்று அமைதியாகிவிடுமே, அந்தக் கனம். இதைப் புரியாமல் ஆயிரக்கணக்கில் ஸ்பாஞ்சு வாங்கி ஒட்டுகிறவர்கள் ஏராளம்.

மைக்கும் அப்படித்தான். பாட்காஸ்ட் என்றாலே முப்பதாயிரத்துக்கு மேல் விலை போகிற 'ஷூர் எஸ்.எம். 7பி' வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. நல்ல மைக்தான், சந்தேகமில்லை. ஆனால் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்து இரண்டு சாண் தூரத்துக்குப் போனாலே நேராக வரும் குரல் 6 டெசிபல் விழுந்துவிடும். அறையின் எதிரொலி விழாது, அப்படியே இருக்கும். ஆகவே, தூரமாக வைத்த விலை உயர்ந்த மைக்கை விட, சட்டையில் குத்திய சாதாரண காலர் மைக் மேல். முகமும் மறையாது. மைக் பெரிதாகத் தெரிந்தால்தான் பாட்காஸ்ட் என்று பார்ப்பவர்கள் நம்புவார்கள் என்றால், அது ஒலிக்கு வாங்கியதில்லை, நகைக்கு வாங்கியது.

வெளிச்சத்துக்கும் ஒன்று. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் ஆள் கறுப்பு உருவமாகிவிடுவார். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். சுவரோடு ஒட்டி உட்கார வைத்தால் பாஸ்போர்ட் போட்டோ. ஐந்தாறு அடி தள்ளி வைத்தால் படம். மலிவான எல்.ஈ.டி. பல்பு போட்டீர்களானால், நம் ஊர் கரண்ட்டுக்கு அது விநாடிக்கு 100 தடவை கண் சிமிட்டும். கேமரா வேகம் அதோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் கோடு கோடாக ஓடும். பகல் வெளிச்சம் இலவசம், சிமிட்டாது.

சத்தத்தில் கடைசிப் பிரச்னை, ஊர். காலையில் ஷிஃப்ட் பஸ் ஹார்ன், மாம்பழ சீசனில் விடிய விடிய லோடு வண்டி, ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போகிற மினி டெம்போ, கோயிலில் கூம்பு ஸ்பீக்கர். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் என்று சொல்கின்றன. அந்த விதியை ஆடி மாசத்து அம்மனிடம் யார் போய்ச் சொல்வது?

இது புதுத் தொல்லையும் இல்லை. பேசும் படம் வந்த புதிதில், 1930-களில், சென்னையில் வெளிச்சத்துக்காகத் திறந்த வெளியில் படம் எடுத்தார்கள். வசனம் பேசும்போது காக்கை கத்திவிடும். காக்கை விரட்ட என்றே தனி ஆள் வைத்திருந்தார்கள் என்று சினிமா சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில், சென்னையில் பேசும் படத்துக்கென்று சீனிவாசா சினிடோன் ஸ்டுடியோவை ஆரம்பித்த ஏ.நாராயணனின் மனைவி மீனாட்சி, அங்கே ஒலிப்பதிவு செய்தார். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைச் சொல்வார்கள். 1902-ல் இந்தியாவின் முதல் பெரிய கிராமபோன் நட்சத்திரம் கௌஹர் ஜானின் குரலை ஃப்ரெட் கெய்ஸ்பர்க் பதிவு செய்தது கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையில். ஆக, ஸ்டுடியோ என்பது எப்போதுமே, இருக்கிற இடத்தில் இருக்கிற சத்தத்தோடு சமாதானம் செய்துகொண்டதுதான். சமாதானம் செய்துகொள்ளலாம். ஒரு காக்கை குரல் பின்னால் கேட்டால் பேட்டி கெட்டுப்போகாது. நாகரசம்பட்டியில் எடுத்தது என்று தெரியும், அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் உறுமலை மட்டும் விடாதீர்கள். அதை அணைத்துவிட்டு, பைக் சாவியைத் தூக்கி உள்ளே போட்டுவிடுங்கள். அப்போதுதான் கிளம்பும்போது திரும்பப் போட ஞாபகம் வரும். இது பழைய ஒலிப்பதிவாளர் வித்தை.

இனி கஷ்டமான விஷயம். வீட்டில் பேட்டிக்கு ஓர் அறையைத் தேர்ந்தெடுப்பது என்றால், அதை யாரிடமிருந்தோ எடுப்பது. நம் வீடுகளில் சும்மா இருக்கும் அறை என்று ஒன்று கிடையாது.

பையன் அடுத்து யோசித்து வைத்திருந்த அறை, பாட்டியின் அறை. அவர்கள் வீட்டில் அவ்வா என்று கூப்பிடுவார்கள். கட்டில், மெத்தை, தகர டிரங்க் பெட்டி, கொடியில் புடவைகள். கை தட்டினேன், வால் இல்லை. சபைன் பார்த்திருந்தால் கைகுலுக்கியிருப்பார். "இதான் மாமா பெஸ்ட். அவ்வாவைக் கூடத்துக்கு மாத்திட்டா போதும்" என்றான்.

அவன் அம்மா சமையல்கட்டில் இருந்து எட்டிப் பார்த்தார். "போன வாரம் இவன் ரெக்கார்டிங்னு சொல்லி ரெண்டு மணி நேரம் மிக்ஸி போடக் கூடாதுன்னுட்டாங்கண்ணா. ஃபேன் கிடையாது. குக்கர் விசில் கூடாது. தண்ணி மோட்டார் போடக் கூடாது. குழந்தையைத் தூக்கிட்டு நான் பக்கத்து வீட்டுல போய் உட்கார்ந்திருந்தேன்" என்றார். புகாராகக்கூடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

2017 மார்ச்சில் தென் கொரியாவின் பூசான் நகரத்தில் இருந்து ராபர்ட் கெல்லி என்ற பேராசிரியர் பி.பி.சி.க்கு வீட்டில் இருந்தபடி நேரலையில் பேசினார். பின்னால் உலக வரைபடம், கோட்டு, டை. கதவு திறந்தது. சின்னப் பெண் ஆடிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே நடைவண்டியில் குழந்தை. அதன் பின்னால் பதறிக்கொண்டு ஓடி வந்த அம்மா, குனிந்து இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனார். உலகம் முழுக்கச் சிரித்தது. அந்தம்மாவைப் பலர் வேலைக்காரப் பெண் என்று நினைத்தார்கள், அதையொட்டி ஒரு சண்டையும் நடந்தது. எனக்கு அதில் மறக்க முடியாதது வேறு: ஒரு ஆள் அறையை எடுத்துக்கொண்டு உலகத்தோடு பேசும்போது, அந்தக் கதவுக்கு வெளியே ஒருத்தர் இரண்டு குழந்தைகளைச் சத்தம் வராமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. கதவு திறந்ததால் அது நமக்குத் தெரிந்தது. மற்ற நாளெல்லாம் கதவு சாத்தியே இருக்கிறது.

அம்பை 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று தலைப்பு வைத்தாரே, அந்த மூலையைத்தான் நாம் இப்போது 'சைலன்ஸ்' என்று அதட்டிக்கொண்டிருக்கிறோம். 'சாமானியர்களின் குரலைப் பதிவு செய்கிறோம்' என்று சேனலுக்கு முகப்பு வாசகம் வைத்துவிட்டு, முதல் வேலையாக வீட்டில் இருக்கும் மூன்று பெண்களின் குரலை நிறுத்துவது என்ன நியாயம்? சட்டப்படி குற்றமில்லை. ஆனால் அந்தப் பேட்டிகளில் பெண் விருந்தினர்கள் ஏன் இத்தனை குறைவு என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். சமையல் நேரத்தில் அமைதி கேட்கிற பேட்டிக்கு, சமைக்கிறவர் விருந்தினராக வர முடியாது.

அவ்வாவையும் பையன் வெள்ளோட்டத்தில் உட்கார வைத்திருக்கிறான். ஊதா விளக்கைப் பார்த்து அவர், "இதேமிரா, ஆபரேஷன் தியேட்டரா?" என்று கேட்டாராம். அது ஒன்றுதான் அந்தப் பதிவில் உருப்படியான வரி. அப்புறம் கேமரா ஓட ஆரம்பித்ததும் அவர் தமிழ் மாறிவிட்டது. வானொலிச் செய்தி மாதிரி. தெலுங்கு வார்த்தை ஒன்று தப்பி வந்தால்கூட நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திக்கொள்கிறார்.

நான் அவர் அறையில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருந்தேன். கே.ஆர்.பி. அணை கட்டியபோது அவருடைய அம்மா கல் சுமந்த கதை வந்தது. சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு ராத்திரியில் நடந்து போன கதை வந்தது. தமிழில் ஆரம்பித்து, கோபம் வந்தபோது தெலுங்குக்குப் போய், மாட்டுத் தரகன் பேசிய இடத்தில் கன்னடத்துக்குப் போய், திரும்பி வந்தார். அவருக்கே தெரியாமல் மூன்று பாஷை. ஒரு கை பாட்டுக்கு டிரங்க் பெட்டியின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கறுப்புச் சுவருக்கு முன்னால் இந்த மூன்றில் இரண்டு செத்துப்போகின்றன. எல்லைப் பகுதியின் பேச்சு என்பது அதுதான் ஐயா. அதைப் பதிவு செய்யாமல், ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் என்று தனியாக ஒரு சேனல் எதற்கு? சென்னையில் ஏற்கெனவே நூறு இருக்கிறதே.

பேசுவதற்கென்று வீட்டில் இடம் வைத்தவர்கள்தான் நாம். டி.கே.சி.யின் 'வட்டத்தொட்டி' எங்கே நடந்தது? திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில். தொட்டிக்கட்டு வீட்டின் நடுவே திறந்த வெளி, சுற்றிலும் ஆட்கள். பாஸ்கரத் தொண்டைமான், மகராஜன் எல்லோரும் அங்கே உட்கார்ந்து கம்பனைக் கேட்டவர்கள். டேப் ரெக்கார்டர் வராத காலம். உட்கார்ந்து கேட்டவர்கள் பிறகு எழுதியதுதான் நமக்கு மிச்சம். ஜெயகாந்தன் கே.கே. நகர் வீட்டு மாடியில் கொட்டகை போட்டு நடத்திய சபை பற்றியும் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்! சோபா இல்லை. போனவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ஒலியியல் கண்ணோடு பார்த்தாலும் அவை நல்ல இடங்கள். மேலே கூரை திறந்த முற்றத்தில் சத்தம் ஆகாயத்துக்குப் போய்விடும், திரும்பி வராது. கீற்றுக் கொட்டகையும் சத்தத்தை விழுங்கும். கிரானைட் போட்டு, மேலே கான்கிரீட் மூடி, முற்றத்தை ஒழித்துவிட்டுத்தான் நாம் ஸ்பாஞ்சு வாங்கக் கடைக்கு ஓடுகிறோம்.

நாகரசம்பட்டி வீட்டில் கடைசியாகக் கண்டுபிடித்த இடம், பின்கட்டில் ஒரு பழைய அறை. மண்சுவர், ஒன்றரை அடி தடிமன். நாட்டு ஓடு. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குக் கேழ்வரகு மூட்டை. சாக்கு மூட்டையைவிட நல்ல ஒலி உறிஞ்சி விலைக்குக் கிடைக்குமா என்று சந்தேகம். கை தட்டினால் 'தொப்' என்றது. கிழக்கே ஒரு ஜன்னல், மதியத்துக்கு மேல் மெத்தென்ற வெளிச்சம். சமையல்கட்டுக்கு எதிர்க்கோடி, மிக்ஸி ஓடினால் லேசாகக் கேட்கும், கேட்கட்டும். மோட்டார் மட்டும் அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. அதை முன்கூட்டியே போட்டுத் தொட்டி நிரப்பிக்கொள்ளலாம்.

"மூட்டை தெரியுமே மாமா, பிரேம்ல?" என்றான்.

"தெரியட்டும்."

மழை வந்தால் ஓட்டில் சத்தம் வரும். எலி உண்டு. ஏப்ரல், மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் அரை மணி நேரத்துக்கு மேல் யாரையும் உட்கார வைக்க முடியாது. இடையில் நிறுத்தி, மோர் கொடுத்து, ஃபேனைப் போட்டு, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நிறுத்தும்போது கேமராவை மூடிப் பையில் வைக்காதே என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். ஓடுகிறது என்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மறைத்து எடுப்பது வேறு தொழில்.

செலவுக் கணக்கும் போட்டோம். இரண்டு காலர் மைக், ஒரு கோரைப் பாய், ஜன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டி, இரண்டு மர நாற்காலி வீட்டிலேயே இருக்கிறது. மூன்றாவதாக ஒரு ஸ்டூல் போடச் சொன்னேன். வருகிறவரோடு மனைவியோ தங்கையோ கூட்டாளியோ யாராவது வந்தால், கேமராவில் விழாத இடத்தில் உட்கார. நம் ஊரில் பாதி ஞாபகம் பக்கத்தில் இருப்பவரிடம்தான் இருக்கும். "அது எழுபத்தெட்டு இல்லீங்க, எம்பது" என்று அவர்தான் எடுத்துக் கொடுப்பார்.

ஊதா விளக்கை என்ன செய்வது என்று கேட்டான். அவ்வா தன் அறையில் இருந்தபடியே, மாட்டுக் கொட்டாய்க்கு ராத்திரியில் வெளிச்சம் இல்லை என்று ஞாபகப்படுத்தினார்.